ஒரு ஊரை அதோட கெட்ட வருஷத்தில் பாருங்க

போன வைகாசியில் என் ஒன்றுவிட்ட அக்கா மகன் சென்னையிலேர்ந்து குடும்பத்தோட வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம். வந்த மறுநாள் காலையில் கழனிப் பக்கம் நடந்துகிட்டே மெதுவா விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, 2015 வெள்ளத்துல ரெண்டு நாள் குடிக்கத் தண்ணி இல்லாம இருந்தோம். கொரோனாவுல நாலு பேர் ஒரு பிளாட்டுல அடைஞ்சு கிடந்தோம். இனிமே அப்படி மாட்டிக்கக் கூடாது. ஆரணிப் பக்கம் ஒரு ரெண்டு ஏக்கர் பாருங்க. ஒரு போர் போட்டு, சோலார் வெச்சு, சுத்தி வேலி கட்டி, ஆறு மாசத்துக்கு அரிசி பருப்பு இருப்பு வெச்சுட்டா, எது வந்தாலும் இங்க வந்து உக்காந்துக்கலாம் இல்ல?"

அப்புறம் தயங்கித் தயங்கி, "உங்க மேட்டுக்கொல்லையைக் கொடுக்கிறதா இருந்தாலும் எனக்குச் சரிதான்" என்றான்.

கொடுக்கிற எண்ணம் எனக்கும் இல்லாம இல்ல. பொண்ணு கல்யாணத்துக்கு வெச்ச நகை இன்னும் பேங்குலதான் இருக்கு. மேட்டுக்கொல்லை ஒரு ஏக்கர் நாப்பது சென்ட். ரோட்டோரம். இன்னைக்கு விலைக்குக் கொடுத்தா நகையை மீட்டு, மிச்சமும் கையில நிக்கும். ஆனா அவன் கேக்கிறது விவசாயத்துக்கு இல்ல. கஷ்டம் வந்தா தப்பிக்கிறதுக்கு. அதுக்கு அந்தக் கொல்லை ஆகுமா? ரெண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியா வரல.

நல்ல வருஷத்துல எந்த ஊரும் நல்லாத்தான் தெரியும். கார்த்திகை மாசம் எங்க ஊருக்கு வந்தீங்கன்னா ஏரி கோடி போகும், கொக்கு நிக்கும், ஜவ்வாது மலை நீலமா தெரியும். வந்தவங்க அப்பவே அட்வான்ஸ் கொடுத்துடுவாங்க. நான் சொல்றது, ஒரு ஊர்ல ஒதுங்கணும்னா அந்த ஊர் கெட்ட வருஷங்கள்ல எப்படி இருந்துச்சுன்னு முதல்ல விசாரிங்க. எங்க ஆரணிப் பக்கம் அப்படி வந்த சில வருஷங்களை அவனுக்குச் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுறேன். இப்போ இந்த மாதிரி கேட்டு வர்றவங்க நிறைய பேர்.

கோட்டையில் இருந்த தானியம்

ஆரணின்னா வெளியூர்க்காரங்களுக்குப் பட்டு. ஆனா பழைய சரித்திரத்தில் ஆரணி ஒரு கோட்டை ஊர். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கு. மராட்டிய ஜாகீர்தார்கள் கைவசம் ரொம்ப காலம் இருந்த ஊர். பக்கத்துல சத்தியவிஜயநகரத்துல அவங்க அரண்மனை இன்னைக்கும் நிக்குது.

1780-ல் மைசூர் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமைக்குள் படையோடு இறங்கினார். அவர் சேர்த்து வைத்த தானியமும் தளவாடமும் ஆரணிக் கோட்டையில் இருந்தன. அது தெரிந்துதான் கும்பினிப் படைத்தலைவர் அயர் கூட் 1782-ல் ஆரணியை நோக்கி வந்தார். ஜூன் 2-ஆம் தேதி ஊருக்குப் பக்கத்தில் சண்டை நடந்தது. கோட்டை விழவில்லை. தன் படைக்கே சோறு போதாமல் கூட் திரும்பிப் போனார்.

ராஜாக்கள் கதையை விட்டுடுங்க. சுத்துப்பட்டு ஊர்களுக்கு என்ன ஆச்சு? ரெண்டு படையும் போன வழியெல்லாம் விளைச்சலும் மாடும் போச்சு. கர்நாடகப் பகுதி முழுக்கப் பஞ்சம். ஜனங்க சென்னைப் பட்டணத்துக்கு ஓடினாங்க. அங்கே அப்போ தொடங்கின மணியக்காரர் சத்திரத்துல கஞ்சி ஊத்தினாங்க. இன்னைக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னைப் பெரியவங்க கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னு சொல்றது அந்த வழியில் வந்த பேர்தான்.

நான் மருமகன்கிட்ட ஒண்ணுதான் சொன்னேன். ஆறு மாச அரிசியை ஒரே இடத்துல குவிச்சு வெச்சு வேலி கட்டினா, கஷ்ட காலத்துல எல்லார் கண்ணும் அந்த வேலி மேலதான் இருக்கும். அன்னைக்கு ஆரணிக்குப் படை வந்ததே அங்கே தானியம் இருந்ததாலதான்.

தாது வருஷம்

எங்க ஆயா சோறாக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாங்க. பிடி அரிசின்னு பேர். வீட்டுல மூட்டை மூட்டையா நெல் இருந்த வருஷத்துலயும் போடுவாங்க. ஏன் ஆயான்னு கேட்டா, "தாது வருஷம் திரும்ப வராதுன்னு உனக்கு யாரு சொன்னது?" என்பாங்க. அவங்க அதைப் பார்த்தவங்க இல்ல. அவங்க பாட்டி பார்த்தவங்க. கத்தாழைக் கிழங்கும் புளியங்கொட்டையும் தின்ன கதை அந்த வழியா எங்க வீட்டுக்கு வந்தது.

தாது வருஷம்னா 1876–77. 1876-ல் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் சரியில்லை. 1878 வரைக்கும் அந்தப் பஞ்சம் நீண்டது. ஹூப்பர் என்கிற வெள்ளைக்கார அதிகாரி எடுத்த போட்டோக்களை நீங்க இணையத்துல பார்த்திருப்பீங்க. எலும்பும் தோலுமா குழந்தைகளோட உட்கார்ந்திருப்பாங்களே, அது இந்தப் பஞ்சம்தான். சென்னை மாகாணத்தில் மட்டும் பல லட்சம் பேர் செத்தாங்க. அப்போதைய வடாற்காடு மாவட்டத்தின் ஜனத்தொகை 1871 கணக்கில் சுமார் 20 லட்சம். 1881 கணக்கில் சுமார் 18 லட்சம். பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய ஜனம் குறைஞ்சு போச்சு.

ரயில் இல்லையான்னு கேட்பீங்க. சென்னையிலேர்ந்து வாலாஜா ரோடு வரைக்கும் 1856-லேயே ரயில் வந்தாச்சு. துறைமுகத்துல அரிசி வந்து இறங்கிக்கிட்டும் இருந்தது. ஆனா ஸ்டேஷன்லேர்ந்து ஊருக்கு மாட்டு வண்டிதான் வரணும். தீவனம் இல்லாமல் மாடு செத்துப்போச்சு. அரிசி வந்து சேர்ந்த இடத்துலயும் அதை வாங்க ஜனங்க கையில் காசு இல்லை. அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது. 1877 ஜனவரியில் வந்த ரிச்சர்ட் டெம்பிள் என்கிற அதிகாரி, செலவைக் குறைக்கணும்னு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும்னு கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோவுக்கும் கம்மி. அதை வெச்சுக்கிட்டு மண் வெட்டணும். சுகாதார கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இது ஆளைக் கொல்லும் கூலின்னு சண்டை போட்டார். சில மாசம் கழிச்சுத்தான் கூலி கூடியது.

இதில் முதலில் விழுந்தது யார் தெரியுமா? நெசவாளிங்க. பஞ்சம் வந்தா ஜனங்க முதல்ல நிறுத்துறது துணி வாங்குறதை. விவசாயிக்கு ஒரு கீரையாவது முளைக்கும், ஒரு ஆடாவது இருக்கும். தறிக்காரருக்குத் தறிதான். தோள் பலமும் மண்வெட்டிப் பழக்கமும் இல்லாதவங்களை ரோடு போடுற வேலைக்கு அனுப்பினா என்ன ஆவாங்க? கடைசியில் அரசாங்கமே நூல் கொடுத்து நெய்யச் சொல்லி துணியை வாங்கிக்கிற ஏற்பாடு செய்தது. பிற்பாடு 1880-களில் வந்த பஞ்ச விதிகளிலும் நெசவாளிக்கு அவர் தொழிலிலேயே வேலை கொடுக்கணும்னு எழுதி வெச்சாங்க.

நகரத்துல சம்பளத்துக்கு இருக்கிறவங்க இதை யோசிக்கணும். கெட்ட காலத்தில் நீங்க இருக்கிறது விவசாயி நிலையில் இல்லை, தறிக்காரர் நிலையில். மத்தவங்க கையில் காசு மிஞ்சினால்தான் உங்க வேலைக்கு மதிப்பு. ரெண்டு ஏக்கர் வாங்கினதால மட்டும் அது மாறிடாது.

ஏரியும் மோட்டாரும்

பெரிய ஆற்றுப் பாசனம் இல்லாத பூமி எங்களோடது. கமண்டல நாகநதியும் செய்யாறும் மழைக்கு ஓடி மத்த நாள் மணலாக் கிடக்கிற ஆறுகள். அதனால முன்னோர் ஏரியை நம்பினாங்க. ஒரு ஏரி கோடி போனா அந்தத் தண்ணி கால்வாய் வழியா அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைஞ்சு அடுத்ததுக்கு. மதகைத் திறந்து மூடி, யார் கழனிக்கு எப்போ தண்ணின்னு பார்க்க ஊர் வெச்ச நீர்க்கட்டி ஒருத்தர் இருப்பார். அறுவடையில் அவருக்கு நெல் பங்கு. கோடையில் ஊரே சேர்ந்து கால்வாய் வெட்டும். அதுக்குக் குடிமராமத்துன்னு பேர்.

எங்க நைனா சின்ன வயசில் கவலை ஓட்டினவர். ரெண்டு மாடு, ஒரு பரி, ஒரு ஆள். எவ்வளவு ஓட்டினாலும் கிணத்துல ஊறுற தண்ணிக்கு மேல எடுக்க முடியாது. அப்புறம் ஆயில் இன்ஜின் வந்தது, கரண்ட் மோட்டார் வந்தது, ஐ.ஆர். 8 நெல் வந்தது. வடாற்காடு முழுக்கக் கிணறு பெருகியது. 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆட்கள் சேர்ந்து எங்க மாவட்டத்துக் கிராமங்களில் பசுமைப் புரட்சியை ஆராய்ந்தாங்க. பி. எச். பார்மர் தொகுத்த புத்தகம் 1977-ல் வந்தது. அந்தக் கூட்டத்தில் வந்த பார்பரா ஹாரிஸ்-வைட் அம்மா 1973-லேர்ந்து ஆரணிச் சந்தையையும் கடைகளையும் திரும்பத் திரும்ப வந்து எண்ணி எழுதினாங்க. நாப்பது வருஷ ஆரணியைப் பத்தி அவங்க தொகுத்த புத்தகம் 2016-ல் வெளியானது. ஒரு சின்ன ஊரை இவ்வளவு காலம் தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சி நாட்டிலேயே அபூர்வம்.

மோட்டார் வந்த பிறகு எங்களுக்கு ஏரி மேல அக்கறை போச்சு. அவங்கவங்க கிணறு அவங்கவங்களுக்கு. இலவச மின்சாரம் வந்ததும் இன்னும் ஆழம் போனோம். பக்கத்துக் கொல்லைக்காரர் ஆழப்படுத்தினா நானும் ஆழப்படுத்தணும். கிணத்துக்குள்ளயே போர் போட்டோம். கடன் வாங்கித் தோண்டின போர்கள் எத்தனையோ புகைதான் விட்டுச்சு. நீர்க்கட்டி வேலையை விட்டுட்டார். தண்ணி குறைஞ்ச ஊர்களில் கூலி வேலை கிடைக்காத பிள்ளைங்க பட்டுத் தறிக்குப் போனாங்க. முன்பணம் வாங்கி, அந்தக் கடனுக்காகவே ஒரே முதலாளிகிட்ட நெய்தவங்களும் உண்டு. நீங்க கடையில் பார்க்கிற ஆரணிப் பட்டு நிறைய கிராமங்களில் இப்படித்தான் பரவினது.

என் கெட்ட வருஷம்

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைஞ்சு போச்சு. 2017 ஜனவரியில் அரசாங்கமே மாநிலம் முழுக்க வறட்சின்னு அறிவிச்சது. அதே நவம்பரில்தான் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு ஆனது. கூட்டுறவு பேங்குல நோட்டு மாத்தவும் முடியல. வானமும் பொய்த்து கையில் இருந்த காசும் செல்லாமப் போனது ஒரே மாசத்தில்.

நான் அந்த வருஷம் மேட்டுக்கொல்லையில் மல்லாட்டை போட்டிருந்தேன். பூ இறங்கிற நேரத்தில் மோட்டார் காத்தை இழுத்துச்சு. போர் 400 அடி. கீழே ஒண்ணும் இல்ல. என்னைக் காப்பாத்தினது கீழண்டைக் கழனிக்காரர். அவர் கிணறு ஏரி ஆயக்கட்டுக்குள்ள இருக்கு. அந்த ஏரியில் அதுக்கு முந்தின வருஷம் நின்ன தண்ணி அவர் கிணத்துல ஊறிக்கிட்டு இருந்தது. மூணு நாளைக்கு ஒரு தரம், மூணு மணி நேரம், பைப் போட்டு எனக்குத் தண்ணி விட்டார். எங்க பக்கம் தண்ணிக்கு விளைச்சல்ல மூணுல ஒரு பங்கு கேட்கிற வழக்கம் உண்டு. அவர் கேட்கல. மல்லாட்டைக் கொடியை மட்டும் மாட்டுக்கு எடுத்துக்கிட்டார். அவர் அப்பா கையொடிஞ்சு கிடந்த வருஷம் எங்க நைனா அவங்களுக்குச் சேடை ஓட்டிக் கொடுத்தது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கு.

அந்த வருஷம் எனக்குக் கிடைச்சது பாதி விளைச்சல்தான். ஆனா அடுத்த வருஷத்துக்கு விதை கிடைச்சது. விதையை வெளியில் காசு கொடுத்து வாங்கியிருந்தா நான் அந்தக் கொல்லையை அன்னைக்கே வித்திருப்பேன்.

2020-ல் ஊரடங்கு வந்தப்போ ஆரணியில் திரும்ப 1877 மாதிரிதான் தொடங்கினது. முகூர்த்தம் எல்லாம் தள்ளிப் போச்சு. பட்டுநூல் கர்நாடகாவிலேர்ந்து வரணும், ஜரிகை சூரத்திலேர்ந்து வரணும். ரெண்டும் நின்னுது. ஜனங்க வாங்குறதை நிறுத்தின முதல் பொருள் பட்டுப்புடவை. தறி சத்தம் இல்லாத தெருவை அப்போதான் நான் பார்த்தேன். ஆனா யாரும் பட்டினியில் சாகல. காரணம் ரேஷன் கடை. கார்டு இருந்த வீட்டுக்கெல்லாம் அரிசி வந்தது. 1877-ல் ஸ்டேஷனோட நின்ன அரிசி, 2020-ல் தெருமுனை வரைக்கும் வந்தது. வேலி கட்டி நாம வெக்கிற இருப்பைவிட, இந்த ஏற்பாடு எத்தனை பேரைக் காப்பாத்தினதுன்னு யோசிச்சுப் பாருங்க.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்ணும் பாறையும் வீட்டு மேல சரிஞ்சு 7 பேர் போனாங்க. அதில் 5 பேர் குழந்தைங்க. மலை ஓரமா அழகான இடம்னு காட்டுற புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார்.

அப்போ என்னதான் பார்க்கணும்?

சித்திரை, வைகாசியில் வாங்க. கிணத்தை எட்டிப் பாருங்க. "2017-ல் இந்தக் கிணத்துல தண்ணி இருந்துச்சா?"ன்னு விக்கிறவரைக் கேட்காம பக்கத்துக் கழனிக்காரரைக் கேளுங்க. மழைக்காலத்தில் இன்னொரு தரம் வந்து தண்ணி எங்கே தேங்குது, எந்தப் பாலம் மூழ்குதுன்னு பாருங்க.

நிலம் எந்த ஏரி ஆயக்கட்டுன்னு தெரிஞ்சுக்குங்க. 'அ' பதிவேட்டுல நன்செய்யா புன்செய்யான்னு இருக்கும். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல இருந்தா அந்த ஏரி நீர்வளத்துறை கையில், அதுக்குக் கீழேன்னா ஊராட்சி ஒன்றியம் கையில். வரத்துக் கால்வாய் எங்கேர்ந்து வருதுன்னு ஒரு நாள் நடந்தே போய்ப் பாருங்க. எங்க ஊருக்கு மேல ஒரு இடத்துல மனை போட்டவங்க கால்வாயை மூடிட்டாங்க. நல்ல மழை பெய்த வருஷத்துலயும் ஏரி பாதிதான் நிறைஞ்சுது. பட்டா, வில்லங்கம், புலப்படம் மூணும் பாருங்க. புலப்படத்துல வாய்க்கால் கோடு உங்க நிலத்துக்குள்ள ஓடினா அதை மூடி வேலி கட்ட நினைக்காதீங்க. அது ஊர் தண்ணி.

அப்புறம் ஆளுங்களைப் பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம், ராத்திரியில் நர்ஸ் இருப்பாங்களா, ரேஷன் கடை எத்தனை நாள் திறக்குது, மோட்டார் காயில் கட்டுறவர் யாரு, பிரசவம் பார்க்கத் தெரிஞ்ச மாட்டு டாக்டர் கூப்பிட்டா வருவாரா, ஏரிக்குக் கால்வாய் வெட்ட ஊர் இன்னும் ஒண்ணா நிக்குதா. திருவிழா வரி கேட்டு வருவாங்க, கொடுங்க. ஊர் உங்களைக் கணக்கில் சேர்த்துக்கிறது அங்கேதான் தொடங்கும். கஷ்டம் வந்த அன்னைக்கு மட்டும் கார்ல வந்து இறங்குறவருக்கு யாரு பைப் போட்டுத் தண்ணி விடுவாங்க?

இருப்பு வைக்கிறதைத் தப்புன்னு சொல்லல. எங்க வீட்டிலும் குதிர்ல நெல் இருக்கு, நொச்சித்தழை போட்டுக் கேழ்வரகு இருக்கு, பானையில் சாம்பல் கலந்த விதை இருக்கு. ஆனா அது அறுத்ததிலேர்ந்து அடுத்த அறுப்பு வரைக்கும். அதுக்கு மேல வேணும்னா பக்கத்து வீட்டுல கேட்போம், அவங்களும் கேட்பாங்க.

எங்க ஆரணிப் பக்கம் ஒதுங்கத் தகுந்த இடமான்னு கேட்டா, ஆமாம்னுதான் சொல்வேன். தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமும் மழை தருது. ஒண்ணு தவறினா இன்னொண்ணு வரும். நெல்லு அரைக்க மில்லு இருக்கு, வேலூர் ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் இருக்கு. ஆனா ரெண்டு பருவமும் தவறின வருஷங்களும் இந்த ஊருக்கு உண்டு. அப்போ ஏரிக்குக் கீழே இருந்தவனும் மேலே இருந்தவனும் ஒண்ணில்ல.

ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு மருமகன்கிட்ட மேட்டுக்கொல்லையைப் பத்தி உள்ளதைச் சொல்லிட்டேன். "தம்பி, அது ரோட்டோரம், விலை ஏறும். வித்துக் காசு பார்க்கணும்னா வாங்கிக்கோ. கஷ்டம் வந்தா ஒதுங்க அது ஆகாது. 2017-ல் நானே அங்க தண்ணிக்குக் கை ஏந்தினவன்."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். "வேற யாரா இருந்தாலும் இதைச் சொல்லியிருப்பீங்களா மாமா?" என்றான். எனக்குப் பதில் தெரியல. என் வீட்டுக்காரி அன்னைக்கு ராத்திரி என்கூடப் பேசல. நகை இன்னும் பேங்குலதான் இருக்கு.

அடுத்த சித்திரையில் வர்றேன்னு சொல்லியிருக்கான். கீழண்டைப் பக்கம் ஆயக்கட்டுக்குள்ள முக்கால் ஏக்கர் ஒண்ணு விலைக்கு வரும்போல இருக்கு. சித்திரையில வந்தா கிணத்தைக் காட்டலாம்.